கச்சான் போடாத காப்பித்தூள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; ஒருவரும் பிறர் வாசலில் போய் நின்றதில்லை. யாரையும் லேசில் நம்பாதது என் குணம். போன வாரம் பேத்தி என்னைக் குளுவாங் டவுனில் ஒரு புதுக் காப்பிக் கடைக்குக் கூட்டிப் போனாள். கறுப்புக் காப்பியைக் கையில் கொடுத்து, வறுத்த நிலக்கடலை, அதாவது கச்சான், வாசமும் காய்ச்சிய சீனி வாசமும் தெரிகிறதா என்று கேட்டாள். ஒரு வாய் குடித்தேன். தெரிந்தது.

"கச்சானா கலந்திருக்காங்க இதுல?"

"ஒன்னும் கலக்கல பாட்டி. வறுக்கிற பதத்துல தானா வர்ற வாசம் லா."

கோப்பையைக் கீழே வைத்தேன். இதே சந்தேகத்தால் ஒன்பது வயதில் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

அப்போது பாலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சிங்கப்பூர் போன புருஷன் திரும்பவில்லை. ஒரு கால் ஊனம். பால்மரம் வெட்டப் போக முடியாது. அண்ணன் சோற்றைச் சும்மா தின்னமாட்டேன் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களில் காப்பிக்கொட்டை பறித்துக் காயவைத்து, வறுத்து இடித்து விற்றார். லயமே அந்தத் தூளுக்குக் காத்திருக்கும். ஆனால் வறுக்கும்போது மட்டும் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார். என் அம்மாகூட உள்ளே போகக் கூடாது.

கதவைச் சாத்துகிறவர் எதையோ மறைக்கத்தானே செய்வார். கடைத்தூளில் கருகிய சோளம் கலப்பதாக அப்போது ஊரெல்லாம் பேச்சு. அத்தையின் காப்பியிலோ கச்சான் வாசம். குப்பைக்குழியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒரு கச்சான் தோலும் இல்லை. தோலைக்கூட விட்டுவைக்காத கெட்டிக்காரி என்று என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

வேலை மேற்பார்க்கும் தண்டலின் மனைவி குழாயடிக்கு வந்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மறுநாள் மாலை ஆறேழு பெண்களோடு வாசலில் வந்து நின்றார்.

"கச்சான் கலக்கிறியாமே? ஒன் அண்ணன் மகதான் சொல்லுது."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "கலக்கல."

"அப்ப கதவ ஏன் சாத்துற? எங்க முன்னால வறு, பாப்போம்."

"வறுக்காட்டி?"

"ஒன் தூள் எங்களுக்கு வேணாம்."

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுப்பு வாசலுக்கு வந்தது. அத்தை இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டுக் கிண்டினார். வெடிக்கும் சத்தம் அடங்கியதும் சீனியைத் தூவினார். அது உருகிக் கறுக்கத் தொடங்கியபோது ஒரு கரண்டி மார்ஜரின், ஒரு சிட்டிகை உப்பு. தகரத்தில் கொட்டிப் பரப்பி விசிறினார். கச்சான் வாசம் லயம் முழுக்கப் பரவியது. கச்சானைத்தான் காணோம்.

எவ்வளவு தீ, சீனி எப்போது போட வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் அத்தை பதில் சொன்னார்.

"அலமாக், இவ்வளவுதானா?" என்றார் தண்டல் மனைவி. "தப்பா நெனச்சுட்டோம், மனசுல வெச்சுக்காத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை மேல் இருந்த பழி என்னால்தானே நீங்கியது.

அடுத்த வாரம் நாலு வீட்டில் காப்பி வறுக்கும் புகை எழுந்தது. காப்பி மரம் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும்தான் நின்றது. அத்தை இடித்து வைத்த தூள் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அடுத்த மாதமே மெர்சிங்கில் உட்கார்ந்து மீன் கீறும் வேலை கிடைத்ததென்று மூட்டை கட்டினார். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"நீங்க கலக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே அத்தை. இன்னும் எம்மேல கோவமா?"

"கோவம் இல்லடி," என்று என் முடியை ஒதுக்கிவிட்டு பஸ் ஏறினார்.

பழியைத் துடைத்தவளுக்கு நல்ல வார்த்தை ஒன்று சொல்லக் கூடாதா என்று, வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியாடி பேத்தி? எங்க, மொதல்லேர்ந்து படி. எனக்காக என் தப்ப எங்கயாவது கொறச்சு எழுதியிருக்கியான்னு பாக்கணும்.