பன்னீர்ச் செம்பும் ராத்தாவின் வீடும்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பன்னீர்ச் செம்பு இருக்கிறது. நாங்கள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் எங்கள் வீட்டுத் தரகர் வெட்கத்தில் மறந்துவிட்டுப் போனது. கல்முனையில் எத்தனையோ வீடுகளைக் கைமாற்றிவிட்ட மனிதர் அவர். பேசத் தொடங்கினால் எதிரே நிற்பவருக்கு மூச்சுவிட இடம் தரமாட்டார். அவர் வாயடைத்து நின்றதை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். செம்பைத் துடைக்க எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அன்று விற்க வேண்டியிருந்தது என் ராத்தாவின், அதாவது அக்காவின், வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி அவள் கல்யாணத்துக்கு வாப்பா கட்டிக் கொடுத்தது. மச்சானுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததும் ராத்தா பிள்ளைகளோடு அதே ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே இருந்த உம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீடு பூட்டிக் கிடந்தது. அது விற்றால்தான் கொழும்பில் ஒரு வீடு வாங்கி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். கடைக்குட்டி மகளோ மச்சான் பேசும் கைப்பேசியையே “வாப்பா” என்று கூப்பிடப் பழகியிருந்தாள். ராத்தா அதைக் கேட்டுச் சிரிப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் வீடு பார்க்க வந்தவர்களெல்லாம் வாசலிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். கடற்காற்றின் ஈரமும் வௌவால் எச்சமும் சேர்ந்து அப்படியொரு வாடை.

“வெளிநாட்டில வாசம் போட்டுத்தான் வீடு விக்காங்க, புள்ள. ஃபோன்ல பாத்தன். இந்த முறை வேலைய என்னட்ட உடுங்க,” என்றார் தரகர் காக்கா. பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாய் தன் மகளுக்கு வீடு பார்க்க வருவதாக இருந்த நாள் அது. பின்னேர அசர் தொழுகை முடிந்த கையோடு சாம்பிராணிச் சட்டியும் பன்னீர்ச் செம்புமாக வந்தார். அறை அறையாகப் புகை காட்டினார், பன்னீர் தெளித்தார். பழைய சோபாவின் கறை தெரியாதிருக்க அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார். வருகிறவர்கள் உட்கார முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, கேற்றின் இரண்டு கதவையும் அகலத் திறந்தும் வைத்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் ராத்தாவுக்கும் அப்போதுகூடப் புத்தி வேலை செய்யவில்லை.

முதலில் ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு மாமி. முக்காட்டை இழுத்துவிட்டபடியே, “யா அல்லாஹ், உம்மாக்குக் காய்ச்சல் எண்டுதானே சொன்னீங்க!” என்று ராத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னாலேயே ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்தது. ஒருவர் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்தார். இன்னொருவர் பள்ளிவாசலில் அறிவிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். சத்தம் கேட்டு, காய்ச்சல் விட்டு எழும்பி வருகிறவர்களுக்காக அங்கே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த உம்மா குசினியிலிருந்து வெளியே வந்து, “ஆரு மௌத்து? ஆரு செத்தது?” என்று பதறினார். மாமி உம்மாவைப் பார்த்ததும் ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சாய்ந்தமருதுத் தாய் வந்து இறங்கினார். கேற்றடியிலேயே, சாவுக்குச் சொல்லும் “இன்னா லில்லாஹி” சொல்லி, பெண்களோடு பெண்ணாகக் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். தரகர் காக்கா செம்பைப் பிடித்தபடி சிலையாக நின்றார். ராத்தாவின் முகம் வெளுத்துவிட்டது; இதுவும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். வேறு வழியில்லாமல் நானே நடந்ததைச் சொன்னேன்: வீடு விற்கப் போட்ட புகையும் வெள்ளைத் துணியும் கதிரைகளும் திறந்த கேற்றும் சேர்ந்து அதைச் சாவு வீடாகக் காட்டிவிட்டன என்று. சிரிப்பு மாமியிடம் தொடங்கி ஒழுங்கைவரை போயிற்று. காக்கா செம்பை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்.

சாய்ந்தமருதுத் தாய் சிரித்து ஓய்ந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “வீட்டைத் திருத்திக்கொள்ளலாம், புள்ள. புகையக் கண்டு ஓடி வாற சனத்த எங்க போய் வாங்குற? என்ட மகளுக்கு இந்த வீடுதான்,” என்றார். ராத்தா அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், விம்மி அழுதாள்.

போன மாதம் அந்த வீட்டில், சாய்ந்தமருதுத் தாயின் மகள் பெற்ற குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். நான் செம்பை எடுத்துப் போனேன். தரகர் காக்கா முந்தியே வந்து, பாய் விரித்தவர்களிடம், “வெள்ளை மட்டும் விரிக்காதீங்க!” என்று எச்சரித்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து ராத்தா வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைக்குட்டி மச்சானின் தோளில் ஏறி உட்கார்ந்து, செம்பைத் தன்னிடம் தரச் சொல்லி அடம்பிடித்தாள். கையில் கிடைத்ததும் வந்தவர்களை விட்டுவிட்டு, தன் வாப்பாவின் தலையிலேயே அத்தனை பன்னீரையும் கொட்டினாள்.