கழுத்தில்லாத அன்னங்கள்

கம்ப்யூட்டர் என்ற சொல் முதன்முதலில் என் கண்ணில் பட்டபோது எனக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. சேலம் பஸ் நிலையத்தில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். கணக்குப் போடுகிற அந்த எந்திரத்துக்கு மூதாதை ஒரு நெசவுத் தறி என்றும், தறியில் பூ விழவைக்கச் செய்த துளை அட்டையைத்தான் பின்னால் வந்தவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றும் இருந்தது. பக்கத்தில் இருந்தவருக்குப் படித்துக் காட்டினேன், அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். அந்த அட்டை என்ன செய்யும் என்பதை வெண்ணந்தூரில் ஒரு தறிக்குழி ஓரத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த அதிர்ச்சி இன்னும் முழுக்க இறங்கவில்லை.

அது இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன் நான். ஏற்காட்டில் காப்பி மூட்டை தூக்கினேன். ஆத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டினேன். காய்ச்சலில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சத்திரத்தில் கிடந்தேன். எழுந்த பிறகு சேலத்தில் ஒரு ஜவுளி முதலாளியிடம் மாட்டுவண்டி ஓட்டச் சேர்ந்தேன். தறிக்கு மேலே மாட்டிப் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டி ஒன்றை அவர் பம்பாயிலிருந்து தருவித்தார். பெட்டியையும் அதை மாட்ட வந்த ஃபிட்டரையும் ஏற்றிக்கொண்டு வெண்ணந்தூரில் ஒரு நெசவாளி வீட்டுக்குப் போனேன். மாட்டி, முதல் சேலை வரும்வரை அங்கேயே இருந்து, பெட்டி வந்த மரப்பேழையையும் சாமான்களையும் திரும்பக் கொண்டுவருவது என் வேலை.

அந்த வீட்டில் நெசவாளி, அவர் மனைவி, அவர் தங்கை மூவரும் இருந்தார்கள். தங்கை புருஷனை இழந்தவள். வெள்ளைச் சேலை. அண்ணன் தறியில் உட்கார, இவள் பக்கத்தில் நின்று மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுப்பாள். எந்தக் கயிற்றை இழுத்தால் எந்த இழை தூக்கும், எப்போது அன்னத்தின் அலகு வரும், எப்போது கால் வரும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு. பெட்டி வந்துவிட்டால் கயிறு இழுக்க ஆள் தேவையில்லை. அப்படி ஆனால் அவளைத் தம்மம்பட்டியில் இருக்கும் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று அண்ணன் மனைவி பேசி முடித்திருந்தாள். அங்கே கொழுந்தன் கையை ஓங்குகிறவன். அவள் வலது முழங்கை நேராக நீளாது. அது அவன் செய்தது. இது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் எதையும் மெதுவாகப் பேசமாட்டார்கள்.

ஃபிட்டர் சென்னைக்காரர், வாய் ஓயாத மனிதர். அட்டைகளை நூலால் வரிசையாகக் கோத்து மாலை போலத் தொங்கவிட்டார். ஒவ்வோர் அட்டையிலும் அங்கங்கே துளை. நெசவாளி மிதியை அழுத்தினார். பெட்டிக்குள் ஊசிகள் அட்டையில் போய் மோதின. யார் கையும் படாமல் இழைகள் தாமாக மேலே எழுந்தன. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். தங்கை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இழுக்கக் கயிறு இல்லாததால் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

“இன்னா பயந்துகினியா? பேயெல்லாம் இல்லப்பா” என்றார் ஃபிட்டர். “தொளை கீதா, ஊசி உள்ள பூடும், இழை தூக்கும். தொளை இல்லியா, ஊசி பின்னால போவும், இழை கம்முனு கெடக்கும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.”

பிரான்சு தேசத்தில் பட்டு நெய்கிற ஊர்க்காரர் ஒருவர்தான் இதைச் சீராகச் செய்து கொடுத்தாராம். பிழைப்புப் போய்விடும் என்று அந்த ஊர் நெசவாளிகள் பெட்டிகளை உடைத்தார்களாம். கொஞ்ச காலம் கழித்து இங்கிலாந்தில் ஒரு பெரிய மனுஷர், பூவுக்குப் பதிலாக எண்களைத் துளை போட்டுக் கொடுத்தால் என்ன என்று யோசித்தாராம். பல்சக்கரங்களால் ஓர் எந்திரத்தை வரைந்தார், கட்டி முடிக்கவில்லை. அது எந்தக் கணக்கை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று ஒரு சீமாட்டி எழுதியே வைத்தாளாம். இப்போது அமெரிக்காவில் அட்டையில் துளை போட்டு ஊர் ஜனத்தையே எண்ணிவிடுகிறார்கள் என்றார்.

“ஏனுங்க, எண்றதுக்கு மனுசனே வேண்டாமுங்களா?” என்று நெசவாளி கேட்டார்.

“தொளை போடறதுக்கு ஒருத்தன் வோணுமே.”

“அப்ப எங்க ஊட்டுக்காரரையும் அட்டையில கோத்துத் தொங்க உட்ருங்க. சொன்னதாச்சும் செய்வாரு” என்றாள் மனைவி. நெசவாளி உட்பட எல்லோரும் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை.

தறியில் ஏறியிருந்தது ஒரு முகூர்த்தச் சேலை. கரை நெடுக அன்னங்கள். இந்தச் சேலை பழுதில்லாமல் வந்தால் பெட்டி அந்த வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் மல்லசமுத்திரத்தில் வேறொருவருக்குப் போகும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். கொஞ்ச தூரம் அழகாக வந்தது. ஆயுத பூஜைக்கு ஃபிட்டர் ஊருக்குப் போய்விட்டார். பூஜையன்று தறியைக் கழுவித் துடைத்து, நெசவாளியின் மனைவி சந்தனத்தைக் குழைத்து ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்கும் மிதிக்கும் பெட்டிக்கும் பொட்டு வைத்தாள். அட்டை மாலையையும் விடவில்லை. முன்னால் தொங்கிய அட்டைகளுக்கெல்லாம் சந்தனம், அதன்மேல் குங்குமம். தங்கை வழக்கம்போல் புழக்கடையில் இருந்தாள்.

பூஜை முடிந்து மறுபடி நெய்ய உட்கார்ந்தபோது அன்னத்துக்குக் கழுத்து வரவில்லை. உடல் வந்தது, கால் வந்தது, மேலே தலை தனியாக மிதந்தது. நடுவில் வெறும் பட்டு. அடுத்த அன்னமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு மனுஷன் தப்புச் செய்தால் ஒருமுறை இப்படி வரும், ஒருமுறை அப்படி வரும். இது ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒவ்வொன்றின் கழுத்தையும் அறுத்துக்கொண்டே போனது. ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளப்போகிற சேலை அது.

நெசவாளி கொக்கிகளை அவிழ்த்துப் பார்த்தார். இழைகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. நானும் அட்டைகளைப் பார்த்தேன். பொட்டு வைத்த அட்டைகள், அவ்வளவுதான். பூஜை போட்ட சாமானில் பொட்டைக் குறையாகப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் கண் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

“சாமிக்கே ஆகலைங்க இந்தப் பொட்டி” என்றார் நெசவாளி. “முதலாளி நாளைக்கு வாராரு. எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்.” பிறகு தங்கையைப் பார்த்து, “அம்மிணி, பழைய கயித்தையே கட்டிக்கலாம்” என்றார்.

அவள் பிழைத்தாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தறிக்கு அருகே வந்து, அட்டை மாலையைக் கையால் ஏந்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவினாள். காய்ந்து இறுகிய சந்தனத்தைத் துளைகளிலிருந்து குத்தித் தள்ளத் தொடங்கினாள். குங்குமம் பொடியாக உதிர்ந்து அவள் வெள்ளைச் சேலை மடியில் விழுந்தது.

அண்ணன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “என்னடி பண்றே? பூசைப் பொட்டைத் தொடறியா? உம் பொட்டு போனது பத்தலையா, இதையும் அழிக்கோணுமா?”

“தொளை அடைச்சிருக்குதுங்க அண்ணி. ஊசி உள்ள போகலை.”

“அடைச்சா அடைச்சிட்டுப் போவுது. உனக்கென்ன வந்துது? பொட்டி போனா உனக்குத்தான நல்லது, கூறு கெட்டவளே.”

“கழுத்தில்லாத அன்னத்தை ஒரு புள்ள கட்டிட்டு மணையில உக்காரோணுமுங்களா?”

“அதான் கயித்தைக் கட்டிப் பிரிச்சு நெய்யலாமுன்றாருல்ல.”

“கயித்துல நெய்ஞ்சா முகூர்த்தத்துக்கு வராதுங்க. எனக்குத் தெரியும்.”

நெசவாளி எழுந்து இருவருக்கும் நடுவில் வந்தார். தங்கையைத் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மாலையின் மறுமுனையைப் பிடித்து, அவளுக்கு வாகாக உயர்த்திக் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணன் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பொட்டு வைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும்.

கெட்டுப்போன அன்னங்களைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்தார்கள். கழுத்து வந்தது. அந்தப் பெட்டிக்குக் கோபமும் இல்லை, சாபமும் இல்லை. சந்தனத்தைத் துளையில்லாத இடமென்று எடுத்துக்கொண்டது, சந்தனம் போனதும் துளையென்று எடுத்துக்கொண்டது. பேயாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது.

முதலாளி வந்தார். கரையை விரலால் நீவிப் பார்த்தார். திருப்தி. பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்த நாள் வண்டியில் வெறும் பேழையை ஏற்றினேன். அண்ணன் மனைவி ஒரு துணிமூட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். சோற்றுப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைத்து, மறுபடி எடுத்துத் தன் கையாலேயே நாத்தியிடம் கொடுத்தாள். “போனதும் தாக்கல் சொல்லி அனுப்பு, அம்மிணி” என்றாள். ஆனாலும் இருந்துவிடு என்று அவள் சொல்லவில்லை. நெசவாளி வெளியே வரவில்லை. உள்ளே பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

ராசிபுரம் வரை சுற்றிப் போய், அங்கே தம்மம்பட்டிப் பக்கம் போகிற வண்டி எதிலாவது அவளை ஏற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். வெண்ணந்தூர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, நீங்க அப்பறம் சேலந்தானுங்களே போறீங்க?”

“ஆமாங்க.”

“என்னையும் அங்கயே இறக்கி உட்ருங்க. நூல் மில்லுல பொம்பளைங்களையும் சேத்துக்கறாங்களாமுங்க.”

மறுக்க எனக்கு என்ன இருக்கிறது? மாட்டைச் சேலத்து ரோட்டில் திருப்பினேன். மில் வாசலில் காவல்காரன் என்ன வேலை தெரியும் என்று கேட்டான். கயிறு இழுப்பேன் என்றாள். அதெல்லாம் இங்கே மெஷினே இழுத்துக்கொள்ளும் என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல், “அப்பக் கூட்டறதுக்கு ஆளு வேணுமுங்களே, பஞ்சு பறக்குதே” என்றாள். அவன் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டான்.