கேட்டுக்கு உள்ளே நின்றவர்

எனக்கு ஆண்கள்மேல்தான் ஆசை என்று தெரிந்ததும், அது பிசாசின் வேலை என்று முடிவுகட்டிய அப்பா, கல்வராயன் மலையடிவாரத்து ஜெபவீட்டில் என்னை விட்டுப்போனார்.

அங்கே ஒரு காவல்காரர் இருந்தார். நரைத்த தாடி, வெளுத்த காக்கிச் சட்டை. கேட்டைப் பூட்டியதும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்.

ஒரு காலை, எல்லோரும் கண்மூடிப் பாடும்போது, என்னைக் கூப்பிட்டுக் கேட்டைத் திறந்தார்.

“போய்டு தம்பி. கீழ பஸ் வர்ற நேரம்.”

“என்னை எதுக்குங்க தொறந்து வுடறீங்க?”

“என்னையும் இதுக்குத்தான் இட்டாந்து வுட்டாங்க. அப்போ உன் வயசு எனக்கு.”

ஓடினேன். பின்னால் பூட்டை இரண்டு முறை இழுக்கும் சத்தம். பயத்தோடு திரும்பிப் பார்த்தேன். கம்பிகளுக்கு உள்ளேதான் நின்றிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.