துருப்பிடிக்காத ஜீப்பில் கொப்புளம்

1. மூன்றாம் முறை

அந்த ஜீப் மூன்றாவது முறையாக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது நான் பெயிண்ட் கலக்கும் அறையில் இருந்தேன். வெளியே முதலாளியின் சத்தம் கேட்டது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. திட்டினால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்.

"இஸ்மாயில், இங்க வந்து பாருங். இதுக்குப் பேரு பெயிண்ட்டுங்களா? அம்மை போட்டாப்ல இருக்குது!"

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அன்னூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலிக்குப் போய் என்னை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார்கள். படித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போகாமல் கோவையில் வண்டிகளுக்கு கலர் கலக்கப் போனேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வருத்தம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழைய வண்டியின் கதவைப் பார்த்து, வெயிலில் வெளுத்தது போக மிச்சம் இருக்கும் நிறத்தை அப்படியே கலக்கிக் கொடுப்பேன். ஒட்டுப்போட்ட இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

நான் கலக்குவதை அடிப்பவர் இஸ்மாயில் பாய். கோட்டைமேட்டுக்காரர். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் பேச மாட்டார், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார்.

ஜீப் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துடையது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை நடத்திய காலத்துச் சீமை வண்டி. அடிச்சட்டம் இரும்பு. மட்கார்டு, கதவு, பானெட் எல்லாம் அலுமினியத் தகடு. காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் கீழே விழும்.

அலுமினியத்துக்குப் பெயிண்ட் அடிப்பது தனி வேலை. இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமரை இதில் அடித்தால் கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி உரிந்து வரும். முதலில் எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். அது தகட்டை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல்தான் மற்ற கோட். இரும்பில் தேய்த்த எமரித் தாளை அலுமினியத்தில் தொடவே கூடாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்து, பின்னால் அதே இடத்தில் அரிக்கும். இதற்காகவே பாய் அலுமினிய வேலைக்கென்று தனிப் பெட்டியில் எமரி வைத்திருந்தார். அந்தப் பெட்டியை வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க அவரோடு பேச மாட்டார்.

அப்படிப்பட்டவர் அடித்த பெயிண்ட்தான் இரண்டு முறை கொப்புளித்து, மூன்றாவது முறையாக வாசலில் நின்றது.

"தோட்டத்துல இன்னும் நாலஞ்சு வண்டி இருக்குது. எல்லாத்தையும் நம்மகிட்டத்தான் உடறதா இருந்தாங்க," என்றார் முதலாளி. "இனி மேனேஜர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? இஸ்மாயில், நீங்க கன்னைக் கீழ வெச்சிருங். இன்னிக்கிருந்து பேப்பர் போடுங். இன்னொருக்கா இது கொப்புளிச்சா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க வேற எடம் பார்த்துக்குங்."

பேப்பர் போடுவது என்றால் தண்ணீரில் நனைத்த எமரித் தாளால் தேய்ப்பது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. பாய் கன்னை தின்னரில் கழுவித் துடைத்து, முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் ஒரு கதவின் முன் குந்தி உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

2. வரிசையாக நின்ற புள்ளிகள்

கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் போனேன். ஒவ்வொரு கொப்புளத்தையும் சுற்றி வட்டம் போட்டேன். ஒன்றை நகத்தால் உடைத்தேன். உள்ளே செந்துரு இல்லை. வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அலுமினியம் அரித்தால் அப்படித்தான் பூக்கும்.

தள்ளி நின்று பார்த்தேன். வட்டங்கள் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஒரு வரிசை, வளைவில் ஒரு வரிசை. நடுத் தகட்டில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பாய், இங்க வாங்க," என்றேன்.

அவர் ஈரக் கையோடு வந்து பார்த்தார். "டீச்சர், நான் அடிச்சது சரியில்லைன்னா எல்லாப் பக்கமும்ல கெட்டிருக்கணும்? இதென்ன கோலப் புள்ளி மாதிரி நிக்குது?"

"எல்லாமே போல்ட் இருக்கிற இடம் பாய்."

மட்கார்டைக் கழற்ற ஃபிட்டர் பழனிசாமியைக் கூப்பிட்டேன். பழனிசாமி நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல மரியாதைக்காரர். ஸ்பேனரை எடுத்தவர் சித்த நேரம் தயங்கி நின்றார்.

"கழட்டறேனுங்க்கா. ஆனா உள்ள இருக்கறத நீங்க தொட வேண்டாமுங்க."

"உள்ள என்ன இருக்குது?"

"சாமிக் காசுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மட்கார்டு கையோடு வந்தது. உள்பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் ஒரு ஓட்டைக் காலணா! நடுவில் பெரிய ஓட்டை போட்ட, புழக்கத்தில் இருந்து எப்போதோ போய்விட்ட அந்தப் பழைய செம்புக் காசு. வாஷர் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தது. காசைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்து கிடந்தது.

"போன ரெண்டு தடவையும் இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க. ராசிக்குப் போட்டிருக்கறாங்கன்னு தொடச்சு, எண்ணெய் தொட்டு, எது எங்கிருந்துச்சோ அங்கயே பதனமா வெச்சு மாட்டிப்போட்டனுங்க."

"ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னங்க?"

"பெரியவங்க வண்டிங்க. சாமி விசயத்தப் போயி எப்படிங்க கேக்கறது?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செம்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால், அலுமினியம் கரைந்தே தீரும். கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்த பாடம். வால்பாறையிலோ வருடத்தில் பாதி நாள் மழை. பாய் ஒவ்வொரு முறையும் அருமையாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பழனிசாமி ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு நோயைத் திரும்ப உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

3. உப்புத் தண்ணீர்

முதலாளியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அம்மணி, நீங்க இஸ்மாயிலைக் காப்பாத்தோணும்னு பேசறீங்க. காலணாக் காசு மட்கார்டைத் திங்குமா?"

"நான் வாயில சொன்னா நீங்க நம்ப வேண்டாமுங்க. கண்ணுல காட்டறேன். அதுக்குப் பாய் ஒரு தடவை கன்னைத் தொடோணும்."

அவர் யோசித்துவிட்டு மேஜைமேல் இருந்த கன்னை எடுத்துக் கொடுத்தார்.

கழித்துப் போட்ட அலுமினியத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டினோம். ஒரே எட்ச் பிரைமர், ஒரே பெயிண்ட், பாயின் அதே கை. ஒரு துண்டில் காலணாவை வைத்து போல்ட் போட்டேன். இன்னொன்றில் உலோகமே இல்லாத ஃபைபர் வாஷர். இரண்டையும் தனித்தனி வாளியில் உப்புத் தண்ணீரில் போட்டு, முதலாளி நடக்கிற வழியிலேயே வைத்தேன். தினமும் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை அவர் எட்டிப் பார்ப்பதை நான் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் ஜீப்பைக் கேட்டு வந்த அன்று முதலாளியே இரண்டு துண்டையும் வெளியே எடுத்தார். ஃபைபர் வாஷர் போட்டது அடித்த மேனிக்கு இருந்தது. காலணா போட்டதில் காசைச் சுற்றி பெயிண்ட் தூக்கிக்கொண்டு, வெள்ளைப் பொடி தள்ளியிருந்தது.

"சார், வண்டிக்கு ராசிக்காசு போட்டது தப்பில்லீங்க. அதை அலுமினியத்துல போட்டதுதான் தப்பு," என்றேன்.

மேனேஜர் விழித்தார். "ராசிக்காசா? நான் எதுவும் போடலையே?"

பின்னால் நின்ற தோட்டத்து டிரைவர் தலையைச் சொறிந்தார். "நான்தானுங்க போட்டேன். கொண்டை ஊசி வளைவுல ஏறி எறங்கி போல்ட்டெல்லாம் லூஸாகுதுங்க. சின்ன வாஷர் தகட்டைக் கிழிக்குது. பழைய இரும்புக் கடையில காலணா கெடந்துச்சு, அகலமா நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன்."

பழனிசாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணெய் தொட்டு வைத்த சாமி ஒரே நொடியில் வாஷராகிவிட்டது. மேனேஜர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, பழனிசாமி உட்பட.

முதலாளி சிரிக்கவில்லை. நேராக இஸ்மாயில் பாயிடம் போனார்.

"உங்க கையில தப்பில்லைங் இஸ்மாயில். நாந்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தின்னர் வாடை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

4. மழைக்குப் பிறகு

ஜீப்பை முழுக்கப் பிரித்தோம். அரித்த இடத்தைச் சுத்தமாக எடுத்து, தேவையான இடத்தில் ஒட்டுத் தகடு வைத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் அகலமான ஃபைபர் வாஷர் போட்டு, இரும்புச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை கொடுத்தோம். நான் அந்தப் பச்சையைக் கலக்கினேன். பாய் அடித்தார்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஜீப் மறுபடி வாசலில் வந்து நின்றது. நான் ஓடிப்போய் மட்கார்டைத் தடவினேன். ஒரு புள்ளிகூட இல்லை. அதன் பின்னாலேயே தோட்டத்தின் இன்னொரு வண்டி வந்து நின்றது. மேனேஜர் இறங்கி, "இதுக்கும் அடிக்கணும். ஆனா இஸ்மாயில்தான் அடிக்கணும், வேற ஆளுன்னா வண்டியைத் திருப்பிட்டுப் போயிடுவேன்," என்றார்.

பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "டீச்சர், மொதல்ல கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. சாமி எதுவும் குடியிருக்கப் போகுது!"

இன்று பெயிண்ட் அடிக்கும் அறையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கொப்புளம் பெயிண்டில் தெரியும், காரணம் பெரும்பாலும் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். யார் அடித்தது என்று கேட்பதற்கு முன்னால் பேனலைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே புரியாதது ஏதாவது இருந்தால், வண்டி எவ்வளவு பெரிய மனிதருடையதாக இருந்தாலும் வாயைத் திறந்து கேளுங்கள். நாங்கள் கேட்காமல் இருந்த மரியாதைக்கு, ஒரு நல்ல பெயிண்டர் தன் கன்னைக் கழுவி வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டியிருந்தது.