பின்னல்காரி நின்ற அறை

நாகபூஷணம் அண்ணனைப் பற்றி ரேணிகுண்டாவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவரைப் பார்த்தபிறகு எனக்கு நல்ல மனுஷர்களிடம் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

அவர் பிறந்தது வரதய்யபாளையம் பக்கம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பிழைக்க ரேணிகுண்டா வந்து லேத் பட்டறையில் பதினாறு வருஷம் நின்றார். பட்டறையை மூடிவிட்டார்கள். கையில் கிடைத்ததை வைத்து ஸ்டேஷன் ரோட்டில் ஒரு அறை பிடித்து, இரண்டு டிவி போட்டு வீடியோ கேம் கடை திறந்தார். அதை ஒட்டி என் எஸ்டிடி பூத். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே யார் ஜெயித்தார்கள், யார் செத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அவர் மனைவி செங்கம்மா அண்ணி பாலசமுத்திரத்துக்காரி. கரும்பு வெட்டி வளர்ந்தவள், நடையே ஓட்டம் மாதிரி இருக்கும். குழந்தை இல்லை. இரண்டாயிரத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். அண்ணனுக்குத் துளியும் இஷ்டமில்லை. "பொம்பள தனியா அவ்ளோ தூரம் போனா எப்டி பத்திரமா இருப்ப?" என்று மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் போய்விட்டாள். பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை என் பூத்துக்குக் கூப்பிடுவாள். நான் சுவரில் தட்டினால் அண்ணன் ஓடி வருவார்.

அடுத்த வருஷம் ஏதோ ஒரு மாதம் அண்ணன் பர்மா பஜாரிலிருந்து புது கேம் சிடி வாங்கி வந்தார். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. பாழடைந்த ஒரு பெரிய பங்களா, அதற்குள் ஒரு பெண். நீளப் பின்னல் போட்டவள். அவளை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

ஒருவரும் தொடவில்லை. ரயில்வே பட்டறை ஃபிட்டர் பவன்குமார்தான் கடையில் பெரிய ஆட்டக்காரன். "பொம்பளைய வெச்சிக்கினு நான் ஆடறதா? வேற போடுணா" என்றான். எனக்குச் சிரிப்பாக வந்தது. கங்கம்மா ஜாத்திரை வந்தால் இதே பவன்குமார் புடவை கட்டி, பூ வைத்து, மஞ்சள் பூசிக்கொண்டு திருப்பதித் தெருவில் ஆடிக்கொண்டு போவான். அம்மனுக்காகப் பெண்ணாக மாறலாம், டிவிப் பொம்மைக்கு மாறக் கூடாதாம்.

"பொம்மைக்கு ஆம்பள இன்னா, பொம்பள இன்னா. ஆடுறா" என்று அண்ணன்தான் அன்றைக்கு அவனை உட்கார வைத்தார்.

ஆடினான். பள்ளத்தில் விழும்போது அவள் அலறுவாள் என்று கண்டுபிடித்தான். பிறகு கடை நிரம்பிவிட்டது. வெளியே கொண்டுபோக யாருக்கும் அவசரமில்லை. விழவைத்து அலறலைக் கேட்டார்கள், பங்களாவைக் காக்கும் நாயிடம் விட்டார்கள். பக்கத்து டிவியில் ஒரு ஆண் வீரன் நாளைக்கு நூறு முறை செத்தான், அவனை எவனும் கவனிக்கவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அலறலுக்கு நடுவே போன் பில் கிழித்துக் கொடுப்பேன்.

அந்த அக்டோபரில் அண்ணியின் போன் நின்றுபோனது. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, நாலு வெள்ளி. நான் அவள் கொடுத்திருந்த எண்ணைப் போட்டால் அரபியில் யாரோ கத்திவிட்டு வைத்தார்கள். அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட் கடையைக் காலி செய்துவிட்டான். அண்ணன் தினமும் காலையில் வந்து என் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அதே எண்ணை மறுபடி போட்டுக் காட்டுவேன்.

ஒருநாள் பின்னல்காரி பள்ளத்தில் விழுந்து அலறினாள். அண்ணன் எழுந்து பவன்குமார் கையிலிருந்து கேம் ரிமோட்டைப் பிடுங்கினார்.

"போதும். இனிமே அவள யாரும் தொடக்கூடாது."

அந்தக் கேமில் அவள் முகம் சரியாகத் தெரியாது. எந்நேரமும் முதுகுதான். அதுதான் வினை. முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தால் யாரை வேண்டுமானாலும் அதில் பார்க்கலாம். அண்ணன் யாரைப் பார்த்தார் என்பதை நான் கேட்கவில்லை. நாயும் பள்ளமும் இல்லாத ஒரு மூலை அறைக்கு அவளை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அதன்பிறகு அந்தக் கேம் பெட்டியை அணைக்கவே இல்லை. கரண்ட் போனால் அவள் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள் என்று லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி மாட்டினார்.

"இங்க இவ பத்திரமா நின்னா, அங்க அவ பத்திரமா இருப்பா" என்றார் என்னிடம். குரலில் கிறுக்கு எதுவும் இல்லை. பட்டறையில் அளவு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

ஆறு மாதம் அவள் நின்றாள். சும்மா நிற்க மாட்டாள். மூச்சு விடுவாள், தோள் ஏறி இறங்கும். அவ்வப்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவாள். சில சமயம் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்ப்பாள். நின்று நின்று அந்த அறையும் அவள் உருவமும் டிவிக் கண்ணாடியிலேயே சூடு போட்ட மாதிரி பதிந்துவிட்டன. ஒருநாள் பட்டப்பகலில் டிவியை மட்டும் அணைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அணைந்த கண்ணாடியிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் வந்த வேலையை மறந்து பூத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மே மாதம் கங்கம்மா ஜாத்திரை வந்தது. செங்கம்மா திரும்பி வர வேண்டும் என்று அண்ணன் பெண் வேஷம் வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணியின் பச்சைப் புடவையைக் கட்டி, சவுரி வைத்துப் பின்னி, முகம் பூரா மஞ்சளோடு கடைச் சாவியைக் கொடுக்க வந்தார்.

"கல்பனா, நான் சாயந்தரம் வந்துருவேன். இன்வெர்ட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கினு இரு. எதையும் தொடாதம்மா. அவ அப்டியே நிக்கட்டும்."

திரும்பி நடந்து போனார். முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. எனக்கு அந்த நிமிஷம் அவரையும் பிடிக்கவில்லை, அந்தத் தெருவையும் பிடிக்கவில்லை.

ஊரே திருப்பதிக்குப் போயிருந்தது. மத்தியான வெயிலில் ஸ்டேஷன் ரோட்டில் நாய்கூட இல்லை. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு மேல் நான் பூத்தை விட்டு எழுந்து பக்கத்துக் கடையைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் கோபம் என்றுதான் சொல்லுவேன். அந்த மாசியில்தான் சென்னையில் எனக்கு ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. நைனா விடவில்லை. "பூத்துல ஒக்காந்தா பத்திரமா இருக்கலாம்" என்றார். அவரும் நல்ல மனுஷன்.

ரிமோட்டைக் கையில் எடுத்தேன். யாரோ அப்போதுதான் கீழே வைத்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. முன்னால் போகும் பட்டனை அழுத்தினேன். அவள் காலைத் தூக்கினாள், அதே இடத்தில் வைத்தாள். மறுபடி அழுத்தினேன். மறுபடி தூக்கினாள், அதே இடம். பட்டன் கெட்டிருக்கிறதா என்று பக்கத்துப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். அந்த ஆண் வீரன் தடதடவென்று ஓடினான்.

திரும்ப மாட்டினேன். அவள் கழுத்தைத் திருப்பினாள். கதவைப் பார்க்கவில்லை, என் பக்கம் பார்த்தாள்.

"வா அண்ணி" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவள் நடந்தாள். கதவு திறந்தது. எனக்கு ஆடத் தெரியாது, சுவர் சுவராக முட்டினேன். நாய் துரத்தியது. பள்ளத்தின் விளிம்பில் தாவினாள், அலறினாள், கையால் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினாள். என் வியர்வை ரிமோட்டில் வழிந்தது. ஏறிவிட்டாள். இன்னொரு கதவு, அதற்குப் பின் வெளிச்சம். திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அவள் எங்கும் இல்லை. கண்ணாடியில் பதிந்த உருவம் மட்டும் பழைய இடத்தில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. ஓடினேன்.

"கல்பனா, நான்தான். வெளிய வந்துட்டேன். மாடிலேந்து குதிச்சேன், மணிக்கட்டு ஒடஞ்சிருக்கும் போல. ஒரு மலையாளி கடைலேந்து பேசறேன். அவர்கிட்ட சொல்லு, நான் உசுரோட கீறேன்."

சாயந்தரம் அண்ணன் வந்தார். செய்தி கேட்டு, புடவையோடு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். மஞ்சள் கரைந்து கழுத்தில் வழிந்தது. "கங்கம்மா கண்ணத் தொறந்துட்டா" என்றார். பிறகு கடைக்குள் போய்த் திரையைப் பார்த்தார்.

"யாரு நகத்தினது?"

"தெரியாதுணா" என்றேன். அவர் வெகுநேரம் என் கைகளையே பார்த்தார். அன்றைக்கு நான் பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

தூதரகத்தில் தாள் வேலையெல்லாம் முடிந்து அண்ணி வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. இளைத்துப் போயிருந்தாள், கையில் மாவுக்கட்டு. அண்ணன் அவளை விட்டு நகரவில்லை. வந்த நாலாம் நாள், அவர் கடைக்குப் பின்னால் குளிக்கப் போன நேரம் பார்த்து பூத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வூட்ல பூட்டி வெச்சிருந்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறாரு. பூட்டல, கல்பனா. பாஸ்போர்ட்ட புடுங்கிக்கினாங்க, போன் பண்ண உடல. ஆனா மாடிக் கதவு எப்பவும் தொறந்துதான் கெடந்துச்சி, அங்கேந்து குதிச்சா தெரு. தெனம் போவேன். வாசப்படியாண்ட போனா காலு எழும்பாது. தூக்குவேன், அதே எடத்துல வந்து உழும். குனிஞ்சி பாத்தா ஒன்னும் இருக்காது. ஆனா ரெண்டு கை, என் கணுக்கால ரெண்டு கை புடிச்சிக்கினு இருக்கும்."

நான் பில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"மொதல்ல பேயின்னு நெனச்சேன். அப்பறம் புரிஞ்சிச்சி. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு யாரு கைன்னு தெரியாதா?"

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. அண்ணன் "செங்கம்மா, எங்க கீற?" என்று கூப்பிட்டார்.

"அண்ணன் உனுக்கு நல்லதுதான் நெனச்சாரு அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் ஒதற முடியல."