அண்ணனுக்குக் கிடைத்த அடுப்படி

அம்மாவுக்கு ஆபரேஷன் என்று முடிவானதும், சமையல் பழகுவதற்கு எங்கள் வீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என் அண்ணன். இதைவிடப் பெரிய அநியாயம் ராஜபாளையத்தில் அதற்கு முன் நடந்ததில்லை என்று நான் உறுதியாக நம்பினேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு, அவன் ஒன்பதாம் வகுப்பு. அம்மா பக்கத்தில் நின்று நான் ரசம் வைத்திருக்கிறேன். தோசையைப் பிய்க்காமல் திருப்புவேன். அண்ணனுக்கோ சாப்பாட்டுத் தட்டு எங்கிருந்து வருகிறது, சாப்பிட்ட பிறகு எங்கே போகிறது என்பதே தெரியாது. அவனைக் கூப்பிட்டு அடுப்பின் முன்னால் நிறுத்தி, அரிசிக்கு மேல் விரலை வைத்துத் தண்ணீர் அளக்கச் சொல்லிக்கொடுத்தாள் அம்மா. நான் உதவி செய்ய உள்ளே போனால், “நீ போய்ப் படி” என்று வாசலைக் காட்டினாள்.

அம்மா பேண்டேஜ் துணி சுருட்டும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகவே அவளுக்கு உடம்பு சரியில்லை. சில நாட்கள் வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்து, முகமெல்லாம் வெளுத்துப்போய்ச் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொள்வாள். வயிற்றில் கட்டி, எடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா அப்பாவைக் கண்டித்திருந்தார். ஆபரேஷன் முடிந்தபின் மூன்று மாதம் குடம் தூக்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அதனால் அம்மா வீட்டையே புரட்டிப் போட்டாள். தரையில் இருந்த அரிசி டிரம்மை மேடை மேல் ஏற்றினாள். மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள் எல்லாம் மில்லில் திரித்து டப்பாக்களில் நிரப்பினாள். பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கேட்டு வாங்கி முன்னறையில் போட்டாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்களை எப்படி வரிசையாக நிரப்ப வேண்டும் என்று அப்பாவுக்குச் செய்துகாட்டினாள். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். எவ்வளவு பெரிய மிஷினையும் பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் ஒரு சேலையைப் பிழிந்து உதறிக் கொடியில் போடச் சொன்னால், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொட்டைமாடிப் படியில் கால் வைப்பார். அந்த வீட்டில் எனக்கு மட்டும் ஒரு வேலையும் ஒதுக்கப்படவில்லை.

என் நியாயத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள், தளவாய்புரத்திலிருந்து வந்த அத்தை. அப்பாவின் அக்கா. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தவள், அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கண்ணீர் விடுவதைப் பார்த்துவிட்டு நடுவீட்டிலேயே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஆம்பளப்பய கையில அருவாமணையக் குடுத்திருக்கியே, பாக்க நல்லாவா இருக்கு?”

“அவனுந்தான மதினி சாப்பிடுதான்” என்றாள் அம்மா.

“ஒரு மாசம் இவள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுல வையி. ஆறாப்புல என்ன கலெக்டருக்கா படிக்கா? ஒனக்கும் ஒத்தாசையா இருக்கும், அவளுக்கும் கை பழகும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் பள்ளிக்கூடம் இல்லை! நாள் முழுக்க அம்மாவின் பக்கத்தில் இருக்கலாம். அண்ணனை அடுப்படியிலிருந்து விரட்டலாம். அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நான் இருக்கேன் அத்தை, நான் எல்லாம் செய்வேன்” என்றேன். கதவோரம் நின்ற அப்பா, “அக்கா சொல்லுறதும் சரிதான...” என்று இழுத்தார்.

அம்மா கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அண்ணன் நறுக்குவதை நிறுத்தினான்.

“இவ கை இந்த அடுப்படியில படக்கூடாது. பட்டா நான் ஆஸ்பத்திரிக்கு வரல. ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நடக்குறது நடக்கட்டும்.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. டாக்டரம்மா சொன்னதை நேரில் கேட்டவர் அவர்தான். “சரி, சரி, ஒன் இஷ்டம்” என்று கையைத் தூக்கிவிட்டார். “எம்புட்டு வீம்பு பாரு இவளுக்கு” என்று அத்தை முணுமுணுத்தாள். நானோ என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். இந்தக் கைகளில் அப்படி என்ன இருக்கிறது? அண்ணன் மூக்கைத் துடைத்த கையால் வெங்காயம் நறுக்கலாம், என் கை படக்கூடாதா?

அதோடு முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் என் துணிமணிகளை ஒரு பையில் அடைத்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிட்டாள். அங்கே மடவார் வளாகம் என்ற பகுதியில் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. எங்கள் பள்ளியிலேயே கணக்கு டீச்சர். தினமும் காலையில் சித்தியோடு பஸ் ஏறி ராஜபாளையம் வர வேண்டும், மாலையில் அவளோடு திரும்பிப் போக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீடு நடந்து போகிற தூரம்தான். எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கே போக வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த முனையில் நான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், திருடியைக் கூட்டிப்போகும் போலீஸ்காரர் மாதிரி.

என்னைச் சமாதானம் செய்யப் பால்கோவா வாங்கி வந்தாள். கோபத்தோடுதான் தின்றேன். அவ்வளவு கோபத்திலும் அது இனித்தது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

ஆபரேஷன் அன்று அப்பாவும் அண்ணனும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போர்டில் எழுதிக்கொண்டிருந்த சித்தி, சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் போன் பேசினாள். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா பிழைத்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது, வகுப்பில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தலையசைப்பாக.

இரண்டு நாள் கழித்துப் பார்க்க விட்டார்கள். கட்டிலில் அம்மா பாதியாகத் தெரிந்தாள். கையில் குழாய், உதடெல்லாம் வறண்டிருந்தது. ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அவள் என் கையைத் தொட்டு, “வீட்டுப்பாடம் எழுதிட்டியா?” என்று கேட்டாள். வயிற்றைக் கிழித்துத் தைத்துப் படுத்திருப்பவள் கேட்கிற கேள்வியா இது?

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் கடைசி மணி அடித்ததும், சித்தி ஆசிரியர் அறைக்குள் போன நேரம் பார்த்து, பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். ஓட்டம் வீட்டு வாசலில்தான் நின்றது.

முன்னறையில் அம்மா கண்மூடிப் படுத்திருந்தாள். பின்கட்டில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளுடைய உள்பாவாடைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அடுப்படியில் அடிபிடித்த பருப்பு வாடை. தொட்டி நிறையப் பாத்திரங்கள். எனக்கு அழுகையும் வெற்றிக் களிப்பும் ஒன்றாக வந்தன. பார்த்தீர்களா, நான் இல்லாமல் வீடு கெட்டுக் கிடக்கிறது! பையை இறக்கிவிட்டுத் தேங்காய் நாரை எடுத்துப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

“யாரு உள்ள?” என்று அம்மாவின் குரல் கேட்டது. “பாத்திரம் வெளக்குறது யாரு?”

நான் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். முழுதும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் நிற்கலாம் என்று இருந்தேன். அதற்குள் கட்டில் கிரீச்சிட்டது. அம்மா வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரைப் பற்றியபடி அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள். எழுந்திருக்கவே கூடாதவள். முகத்தில் வேர்வை வழிந்தது.

“கையக் கழுவு.”

“நான் நல்லாத்தான் வெளக்குதேன், பாரும்மா...”

“கையக் கழுவுடி!”

அந்தச் சத்தத்தில் அப்பா சோப்புக் கையோடு ஓடி வந்தார். அவளைத் தாங்கிப் பிடித்தார். “இவளக் கொண்டுபோயி பஸ் ஏத்துங்க” என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. “இப்பவே. ஒரு நாள் விட்டா ரெண்டு நாளாகும். எனக்குத் தெரியும்.”

“நான் ஒனக்குப் பிள்ள இல்லையா?” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். “அவன் மட்டுந்தான் ஒனக்குப் பிள்ளையா?”

அப்பா அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் கடையிலிருந்து வந்த அண்ணன், கையில் புளிப் பொட்டலத்தோடு, “நீ குடுத்து வச்சவ, போ” என்றான். இந்த நக்கலுக்காக அவனை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

சித்தி பஸ் ஸ்டாண்டில் தேடிக் களைத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். விக்கி விக்கிச் சொன்னேன். பாத்திரம் கழுவியதற்கு அம்மா திட்டினாள் என்று சொன்னதும், சித்தி கண்ணீர் துடைத்து ஈரமான என் கையை எடுத்துத் தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“எங்கம்மா ஒடம்புக்கு முடியாமப் படுத்தப்ப உங்கம்மாவும் ஒன்ன மாதிரி ஆறாப்புதான்” என்றாள். “நான் சின்னப் பிள்ள. ஒரு மாசத்துக்குன்னுதான் உங்கம்மா நின்னா.”

பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதற்கும் ‘நின்னா’ என்றுதான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கா பேண்டேஜ் சுருட்டுகிறாள், தங்கை கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்பதை நான் இரண்டு பேரின் சுபாவம் என்று நினைத்திருந்தேன். சித்தி சொன்னதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அம்மாவை அவளுடைய அம்மா ஒரு மாதம் முழுக்கத் தன் பக்கத்தில் நிற்க விட்டிருக்கிறாள். எனக்கு ஒரு சாயங்காலம்கூடக் கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் அந்தக் கோபத்தில் அழுதுகொண்டே போனேன்.