ஆடாமல் இங்கிலீசு

ஹாஜா முகைதீன் ராவுத்தர் பினாங்கில் துணிக்கடையில் இருந்தவர். கலியாணம் ஆன மறு வருசம் கப்பல் ஏறினார். நடுவில் சண்டை வந்து வழி அடைபட்டுப் போய், கடைசியில் ஒருவழியாக ஊர் திரும்பினார். வாசலில் நின்றவரைப் பார்த்து அவருடைய சொந்த மகள், யார் வந்திருப்பது என்று தாயிடம் கேட்டாள். இனிக் கப்பல் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஆனால் ஊரில் பிழைக்க ஒரு வேலை வேண்டுமே.

திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆரம்பப் பள்ளிக்கூடம் நாச்சியப்ப செட்டியாருடையது. அக்கரைக்குப் போய்ப் பிழைக்கிற ஊர் என்பதால், பிள்ளைகள் காதில் இங்கிலீசு சின்னதிலேயே விழட்டும் என்று அவருக்கு ஆசை. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ராவுத்தரைக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்பை ஒப்படைத்தார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் மறுபடி பினாங்குதான். இதுதான் பேச்சு. விறகுக்கடை வைத்திருந்தாலும் பள்ளிக் கமிட்டியில் நானும் ஒருத்தன் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

ராவுத்தர் வாத்தியார் வேலைக்குப் படித்தவர் இல்லை. பாடம் என்று அவர் கண்டதெல்லாம் சின்ன வயதில் பள்ளிவாசலில் அரபி ஓதியதுதான். வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓதிக்கொடுப்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, முன்னும் பின்னும் ஆட வேண்டும். அதையே இங்கிலீசுக்கும் வைத்துவிட்டார். கதவைக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்பார். செட்டியார் வீட்டுப் பிள்ளை, கோனார் வீட்டுப் பிள்ளை, ராவுத்தர் வீட்டுப் பிள்ளை என்று அத்தனையும் ஒன்றாக ஆடி, “திஸ் இஸ் எ டோர்” என்று கத்தும். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அந்த வகுப்பில்தான் இருந்த என் மகள் முத்தாள் சோற்றுத் தட்டின் முன்னாலும் ஆட ஆரம்பித்தாள். “என்னடி, சாமி வந்திருச்சா?” என்று கேட்டாள் என் பெண்சாதி. “இல்ல ஆத்தா, இங்கிலீசு வருது” என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் புதுக்கோட்டையிலிருந்து வந்தார். செட்டியாரும் கமிட்டிக்காரர்கள் நாங்களும் கூடவே போனோம். வகுப்புக்குள் நுழைந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்காரச் சொன்னார். குடையைத் தூக்கிப் பிடித்து இங்கிலீசில் கேட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சாக்பீசைக் காட்டினார். அதற்கும் பேச்சில்லை. முத்தாளுக்கு உதடு மட்டும் துடித்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

ராவுத்தர் முன்னால் வந்தார். “புள்ளைகளுக்குத் தெரியும் சார். ஆட வச்சுச் சொல்லிக்குடுத்தது நாந்தான். ஆட விட்டுக் கேளுங்க.”

“நாளைக்கு ஆபீசுக்குப் போயி ஆடிக்கிட்டேதான் பேசுவானா?”

நாங்கள் சிரித்துவிட்டோம். செட்டியாரும்தான். ராவுத்தர் சிரிக்கவில்லை.

“நான் வெள்ளக்காரனுக்கு ஆடாமத்தான் சார் துணி வித்தேன். மொதல்ல உள்ள எறங்கட்டும். ஆட்டத்த நான் நிறுத்திக் காட்டுறேன்.”

இன்ஸ்பெக்டர் அரை மனதாகக் கையை அசைத்தார். பிள்ளைகள் ஆடின. குடை, சாக்பீசு, ஜன்னல் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் தவறாமல் வந்தது. ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டு எழுதவில்லை. அடுத்த வருசம் ஆடாமல் பதில் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வருசமும் ராவுத்தருக்கு அதுதான் வேலை. ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினார். முதலில் இடுப்புக்கு மேலே மட்டும், பிறகு தலை மட்டும், கடைசியில் கால் கட்டைவிரல். மறந்து ஆடுகிற பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அடித்து நான் பார்த்ததில்லை. “ராவுத்தரே, இதுக்குக் கப்பலே தேவலையே” என்று செட்டியார் கேலி செய்வார். அவர் அடுத்த பிள்ளையின் பக்கத்தில் நகர்ந்து உட்காருவார்.

மறு வருசம் நாலாம் வகுப்பாகிவிட்ட அதே பிள்ளைகள் கல்லு மாதிரி உட்கார்ந்து பதில் சொல்லின. கட்டைவிரல்கள் ஆடினதை நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் விறகு இறக்க ராவுத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவர் பெண்சாதி ரோஷன் பேகம். எதற்கு என்று கேட்டேன்.

“பருப்பு கொட்டி வைக்கப் போறேண்ணே. சும்மாதானே கெடக்கப் போவுது” என்றாள்.